அவ்வை இல்லம் கண்ட அம்மையார்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

நான் வளர்ந்த இல்லத்தின் உணவுக்கூடத்தில், சோற்று அண்டா வைக்கும் மேடைக்கு நேர் மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு முதிய அம்மையார், வெள்ளைப் புடவை, சிரிப்பு இல்லாத, ஆனால் கோபமும் இல்லாத முகம். படத்தின் கீழே பெயர் எழுதியிருந்த தாள் என்றோ கிழிந்து போயிருந்தது. ஏழு வயதில் அங்கே சேர்ந்த நான், அவர் எங்கள் காப்பாளர் அம்மாவின் தாயார் என்றே வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பெரிய பெண்கள் எங்களைப் பயமுறுத்துவார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்த பிறகுதான் அதே முகத்தைப் பாடப்புத்தகத்தில் கண்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு உரிய அளவில் அவரைப் பற்றி நான்கு வரிகள் இருந்தன. அந்த நான்கு வரிகளை நான் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண்ணும் பெற்றேன்.

அம்மையாரைப் பற்றி எழுதுவோர் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர் என்றும், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்றும், புற்றுநோய் மருத்துவமனை தந்தவர் என்றும் வரிசையாகப் பாராட்டி முடிப்பது வழக்கம். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் பதினெட்டு வயது நிரம்பிய அன்று ஒரு தகரப் பெட்டியோடு இல்லத்தின் வாசலில் நின்றவள் என்ற முறையில், அவருடைய வாழ்க்கையில் எனக்கு வேறொரு பக்கம் பெரிதாகத் தெரிகிறது. ஒரு பெண்ணை ஓர் அமைப்பிலிருந்து வெளியே விடுகிறோம் என்றால், அவள் கையில் என்ன இருக்கவேண்டும், அவள் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதை அவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார். இக்கட்டுரை அதைப் பற்றியது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையைச் சார்ந்தவர். மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தையாரைச் சொந்த பந்தங்கள் ஒதுக்கி வைத்தன. ஆகவே முத்துலட்சுமி பிறந்த வீட்டில் படிப்புக்குக் குறைவில்லை. ஊரார் பேச்சுக்கும் குறைவில்லை. தாயின் உறவினர் வீட்டுப் பெண்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. சிறு பருவத்திலேயே கண்ணெதிரே கண்டார்.

பெண்பிள்ளைகளைப் பூப்பெய்தியவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தி விடும் காலம் அது. அவர் வீட்டிலேயே படித்துத் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். அதற்குமேல் படிக்க ஊரில் இருந்தது ஆண்கள் பயிலும் மகாராஜா கல்லூரி ஒன்றுதான். ஒரு பெண்ணைச் சேர்த்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தபின், 1904-இல் அவர் அக்கல்லூரியின் முதல் மாணவியாகச் சேர்ந்தார். வகுப்பறையில் பாதிக்குமேல் பெண்களாக அமர்ந்திருக்கும் நாம், அந்த ஒற்றைப் பெண் எந்த மனநிலையில் வகுப்புக்குள் நுழைந்திருப்பார் என்பதை எளிதில் கற்பனை செய்துவிட முடியாது.

1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-இல் மருத்துவப் பட்டம். பரிசுகளும் பதக்கங்களும் பல. 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டி அவர்களை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று மணமகனிடம் முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொண்ட பிறகே திருமணத்துக்கு இசைந்தார் என்பது அவர் வாழ்க்கையை அறிந்தோர் அனைவரும் சொல்லும் செய்தி. கணவரும் அந்த வாக்கைக் காப்பாற்றினார். 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிஸ் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்த வேகத்தில் சென்னைச் சட்டமன்ற மேலவை அவரை அழைத்தது.

இங்கேதான் சற்று நிதானமாகப் போகவேண்டும்.

1926-இன் இறுதியில் அம்மையார் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழில் கெட்டுவிடுமோ என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. கணவரும் மாதர் சங்கத்தாரும் வற்புறுத்தியபின் ஒப்புக்கொண்டார். 1927-இல் அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வளவு பெரிய அவையில் ஒரே பெண். அங்கே அவர் எடுத்துக்கொண்ட முதன்மையான பணி, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பது.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் தேவதாசி முறையை ஒழித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஒரு வழக்கத்தை அப்படி ஒரே வரியில் ஒழித்துவிட முடியாது. ஏன் என்றால் அந்த வழக்கத்துக்கு அடியில் நிலம் இருந்தது. கோயிலில் ஆடியும் பாடியும் தீபம் ஏந்தியும் செய்யும் ஊழியத்துக்காகப் பழைய காலத்தில் இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியம் நடக்கும் வரையில் நிலம் அந்தக் குடும்பத்தில் இருக்கும். ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். நிலம் போகாமல் இருக்கவேண்டுமானால் அடுத்த தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டவேண்டும். பெண் பிறக்காத வீட்டில் ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுத்தாவது கட்டவேண்டும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் விழுந்த கயிற்றின் மறுமுனை ஏக்கர் கணக்கில் நன்செய் நிலத்தில் கட்டப்பட்டிருந்தது.

இளஞ்சிறுமிகளைப் பாதுகாக்க அன்று சட்டமே இல்லை என்றும் சொல்லமுடியாது. இளம்பெண்களைத் தவறான வாழ்க்கைக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகள் கூறின. 1924-இல் அந்த வயது வரம்பு பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1920-லேயே குழந்தைகள் சட்டம் ஒன்றும் வந்திருந்தது. இந்தியாவிலேயே அத்தகைய சட்டங்களில் அதுதான் முதலாவது. ஆனால் பதினெட்டு வரைதானே சட்டம் காக்கிறது? பதினெட்டு முடிந்த மறுநாள்? அன்று முதல் அவள் வயது வந்தவள். தன் விருப்பப்படி செய்கிறாள் என்று சட்டம் கையைக் கட்டிக்கொள்ளும். கையில் காசில்லை, போக இடமில்லை, படிப்பில்லை, வெளியே வந்தால் நிலமும் இல்லை என்ற நிலையில் இருப்பவளுக்கு விருப்பம் என்று ஒன்று எங்கிருந்து வரும்?

அம்மையார் கொண்டுவந்த மசோதாவின் சிறப்பு இங்கே இருக்கிறது. அவர் வெறும் தடையை மட்டும் கேட்கவில்லை. இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்து, அந்த இனாம் நிலங்களை ஊழியக் கடமையிலிருந்து பிரித்தார். கோயிலுக்குச் சேரவேண்டியதைத் தொகையாக நிர்ணயித்துவிட்டு, நிலத்தைப் பெண்ணின் அனுபவத்திலேயே விட்டார். இனி அவள் கோயில் ஊழியத்தை விட்டு வெளியேறினாலும் நிலத்தை யாரும் பிடுங்கமுடியாது. 1929-இல் இந்தத் திருத்தம் சட்டமாயிற்று. வேதியியல் படிக்கிறவள் என்பதால் எனக்கு ஓர் உவமை தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கரைசலில் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும் இரண்டு பொருள்களைக் கையால் பிய்க்க முடியாது. பிணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே வேலை செய்யும் ஒரு வினைபொருளைச் சேர்க்கவேண்டும். அம்மையார் அதைத்தான் செய்தார்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சிறிது சொல்லிக்கொள்கிறேன். என் தாய் எனக்கு ஐந்து வயதிலும், செங்கல் சூளையில் வேலை பார்த்த என் தந்தை ஏழு வயதிலும் இறந்துபோனார்கள். ஊரில் தந்தை பெயரில் மூன்று சென்ட் வீட்டுமனை பட்டாவோடு இருந்தது. அதைத் தவிர வேறு சொத்து எதுவும் இல்லை. எனக்குப் பதினெட்டு வயது நிரம்பிய வாரத்தில் என் சித்தப்பா இல்லத்துக்கு வந்தார். பதினொரு ஆண்டுகளில் அவர் வந்தது அதோடு நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் கடலைமிட்டாய் வாங்கி வருவார், அன்றும் வாங்கி வந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும், வரி கட்டுவதற்குச் சௌகரியமாக இருக்கும் என்றார். நான் மைனராக இருந்தவரை அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. மேஜரான வாரத்தில் அதற்கு மதிப்பு வந்துவிட்டது. அது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தாள் விடுதலைப் பத்திரம் என்பதையும், அதன் பெயரில் உள்ள விடுதலை எனக்குரியது அல்ல என்பதையும் பின்னால்தான் அறிந்தேன்.

இல்லத்தில் எனக்குச் சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன். ஆனால் வெளியே அனுப்பிய அன்று தந்தது ஒரு தகரப் பெட்டி, இரண்டு செட் உடை, மாற்றுச் சான்றிதழ் ஆகியவைதான். உன் பெயரில் ஏதேனும் சொத்து உண்டா, வாரிசுச் சான்று வாங்கியிருக்கிறாயா, யாராவது கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைகளுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயதுவரை பின்தொடர் பராமரிப்பு என்று ஒன்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 46-ஆம் பிரிவு பண உதவி அளிக்கலாம் என்கிறது. அளிக்கவேண்டும் என்று சொல்லவில்லை. லாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் நடுவே எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதைத் தமிழ் இலக்கணம் படித்தவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

மீண்டும் அம்மையாரிடம் வருவோம்.

அவருடைய முயற்சியை எல்லாரும் மாலை போட்டு வரவேற்றதாக நினைத்துவிடக் கூடாது. மரபையும் சமயத்தையும் காட்டி எதிர்த்தவர்கள் ஒருபுறம். தேசிய இயக்கத்தின் பெருந்தலைவரான சத்தியமூர்த்தி அவர்களும் எதிர்த்தார். மறுபுறம் தேவதாசிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். இசைவாணி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோர் தங்கள் கலையையும் சொத்துரிமையையும் காக்கவேண்டும் என்று அரசுக்கு விண்ணப்பித்தார்கள். அந்த மரபில் பெண்ணுக்குச் சொத்து உண்டு, தத்து எடுக்கும் உரிமை உண்டு, எழுத்தறிவு உண்டு. மற்ற குடும்பப் பெண்களுக்கு அன்று அவை இல்லை. அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிற்காலத்தில் அந்தக் கலை மேடையேறிப் புகழ்பெற்றபோது அதைக் காத்துவந்த குடும்பங்களில் பல வறுமையில் மறைந்துபோயின என்பதும் உண்மை. நிலம் இருந்தவர்களுக்கு 1929-இன் சட்டம் பிடிமானம் தந்தது. நிலமே இல்லாமல் இருந்தவர்களுக்கு அது எதைத் தந்தது என்ற கேள்வியை அம்மையாரின் அன்பர்களும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்தக் கேள்விக்கு விடையைப் போல நடந்தது ஒரு நிகழ்ச்சி. 1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் மேலவைப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று வீட்டை விட்டு வந்த இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சட்டம் இயற்றிய அம்மா இருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கையில் வந்தவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி சென்னையில் இருந்த மாணவியர் விடுதிகளை அம்மையார் கேட்டார். அந்த விடுதிகளோ பிராமணப் பெண்களுக்கு ஒன்று, பிராமணரல்லாத பெண்களுக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தன. இந்தப் பெண்களை ஏற்க இரு தரப்பாரும் மறுத்துவிட்டார்கள்.

அம்மையார் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வை இல்லம் பிறந்தது அவ்வாறுதான். திட்ட அறிக்கை எதுவும் இல்லை. கட்டட நிதி இல்லை. மனைவியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்குள் சில பெண்கள் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள், அவ்வளவுதான். ஊர் ஊராக நடந்த, திருமண வாழ்வை வேண்டாமென்று சொன்ன, அரசர் முன்னும் அஞ்சாமல் பேசிய ஒரு தமிழ் மூதாட்டியின் பெயரை அந்த வீட்டுக்கு வைத்தார். அந்தப் பெயரில் என்ன பொருத்தம் பாருங்கள்! 1936-இல் இல்லம் அடையாற்றுக்கு மாறியது. சாதி மதம் பாராமல், ஆதரவற்ற எந்தப் பெண்ணும் வரலாம் என்று வாசல் திறந்தது.

நான் அம்மையாரை மிகவும் மதிப்பது இதற்கு அடுத்த படியில். சோறும் துணியும் தருவதோடு அவர் நிற்கவில்லை. இல்லத்தை விட்டுப் போகும் பெண் என்ன வேலை செய்து பிழைப்பாள் என்ற கேள்வியை அவள் உள்ளே வரும்போதே கேட்டார். படிக்க முடிந்தவர்களை ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் ஆக்க முயன்றார். மற்றவர்களுக்குத் தையல் முதலிய கைத்தொழில்கள். பின்னாளில் பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் அவ்வளாகத்திலேயே வளர்ந்தன. இல்லத்தில் இருப்பது எத்தனை நாள் என்பதைவிட இல்லத்திலிருந்து எப்படி வெளியே போவது என்பதுதான் முக்கியம் என்று அவர் கருதியதாகவே எனக்குப் படுகிறது.

அதற்குப்பின் அவர் வாழ்ந்த முப்பத்தெட்டு ஆண்டுகளும் வேலையால் நிறைந்தவை. குழந்தை மணத் தடைக்காகப் பேசினார். பெண்களையும் சிறுமிகளையும் வைத்து நடத்தும் இழிதொழிலைத் தடுக்கும் சட்டத்துக்காக உழைத்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் ஊர்தோறும் மேடையேறி நடத்திய போராட்டமும் சேர்ந்துகொள்ள, பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றிலும் தடைசெய்யும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. மசோதாவிலிருந்து முழுத் தடை வரை இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரம் அவர் மனத்தில் ஆறாமல் இருந்தது. பலரும் நடவாத காரியம் என்று சொன்ன புற்றுநோய் மருத்துவமனையை அடையாற்றில் எழுப்பினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் 12 படுக்கைகளோடு மருத்துவம் தொடங்கியது. அதை அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தொடர்ந்து வளர்த்தார். 1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1968 ஜூலை 22-இல், எண்பத்திரண்டு நிறைவதற்கு எட்டு நாள் இருக்கும்போது, அம்மையார் மறைந்தார். பேறுகால உதவித் திட்டம் ஒன்றுக்குத் தமிழக அரசு அவர் பெயரைச் சூட்டியது. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்காள் அந்த உதவியைப் பெற்றவர். முத்துலட்சுமி யார் என்று அவரைக் கேட்டேன், கலெக்டர் பெயராக இருக்கும் என்றார். குறை சொல்லவில்லை. நானே காப்பாளரின் தாயார் என்று நினைத்தவள்தானே.

சித்தப்பா கொண்டுவந்த தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. வீரம் என்று நினைக்கவேண்டாம். அன்று மறுநாள் பொதுத்தேர்வு. தேர்வு முடிந்து வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஒரு மாத இடைவெளிதான் என்னைக் காப்பாற்றியது. விடுமுறையில் எங்கள் இல்லத்தில் முன்பு இருந்து இப்போது செவிலியராக வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். நீதிமன்றம் என்றால் குற்றவாளிகள் போகும் இடம் என்று நினைத்திருந்த எனக்கு வாசலிலேயே கால் நடுங்கியது. அங்கே இருந்த சட்டத் தன்னார்வலர் பெஞ்சியில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு என்னென்ன தாள்கள் இருக்கின்றன என்று கேட்டார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண் என்ற ஒரு காரணமே இலவச வழக்கறிஞரைப் பெறப் போதும். வருமான வரம்பு கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பதினெட்டு முடியாத குழந்தைகளுக்கும் அப்படியே. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலிய வேறு சில பிரிவினருக்கும் அந்த உரிமை உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. என்னைப் போலவே வேறோர் இல்லத்தில் வளர்ந்து, அதே மாதத்தில் பதினெட்டு நிரம்பிய ஒரு பையன், அந்தப் பிரிவுகளில் எதிலும் வராதவனாக இருந்தால், தனக்கு வருமானம் இல்லை என்று காட்டியாகவேண்டும். வருமானச் சான்றுக்குக் குடும்ப அட்டை கேட்பார்கள். குடும்பம் இல்லாததால்தானே அவன் இல்லத்தில் வளர்ந்தான்! நேற்றுவரை குழந்தை என்பதால் தாள் இல்லாமலே கிடைத்த உதவிக்கு, இன்று ஒரு கட்டுத் தாள் வேண்டும்.

எனக்கு வாரிசுச் சான்று வாங்கவே ஏழு மாதம் ஆயிற்று. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒன்பது முறை போனேன்; கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போன நடைகளை எண்ணவில்லை. தாயார் இறப்புச் சான்றில் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்தவே இரண்டு மாதம். கல்லூரியில் எனக்கு வருகைப்பதிவு குறைந்த காரணத்தை இப்போது சொல்லிவிட்டேன், ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

சித்தப்பாவைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அந்த மனைக்குப் பத்தாண்டுகளாக வரி கட்டியவர் அவர். அதில் ஓலைக்கொட்டகை போட்டு ஆடு கட்டியிருக்கிறார். அவருக்கும் வேறு இடமில்லை. வழக்குத் தொடுக்குமுன் சமரசம் பேசலாம் என்று வட்டச் சட்டப்பணிகள் குழுவிலிருந்து அவருக்கு அறிவிப்பு அனுப்பினார்கள். முதல் அமர்வுக்கு அவர் வரவில்லை. இரண்டாம் அமர்வுக்கு வந்தார், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு சென்டை அவருக்கு விட்டுக்கொடுக்கலாமா என்று வழக்கறிஞர் அம்மா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், யாரும் வற்புறுத்த முடியாது என்றும் சொன்னார். என் இஷ்டம் என்று ஒருவர் தாளை வைத்துக்கொண்டு சொன்னது என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

சென்ற ஜூலை 30-ஆம் நாள் பழைய இல்லத்துக்குப் போயிருந்தேன். அம்மையாரின் படத்துக்குக் கீழே, கிழிந்துபோன இடத்தில், பெயரும் பிறந்த ஆண்டும் எழுதி ஒட்டினேன். இந்த ஆண்டு அங்கே மூன்று பெண்களுக்குப் பதினெட்டு நிரம்புகிறது. அவர்களை உட்காரவைத்து வாரிசுச் சான்று, பட்டா, விடுதலைப் பத்திரம் ஆகியவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒருத்தி குறிப்பெடுத்தாள். ஒருத்தி தன் பெயரில் சொத்தே இல்லை, எதற்கு இதெல்லாம் என்று சிரித்தாள். மூன்றாமவள் மட்டும் எல்லாரும் போனபிறகு என்னிடம் வந்து, தன் மாமா போன வாரம் வந்து ஆதார் அட்டையின் நகலை வாங்கிப்போனார், பரவாயில்லையா என்று கேட்டாள். அவளை வருகிற சனிக்கிழமை நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மூன்றாம் அமர்வு அடுத்த மாதம் நடக்கிறது. அன்றைக்கு எனக்குக் கனிம வேதியியல் செய்முறைத் தேர்வும் இருக்கிறது. துறைத்தலைவர் ஐயாவிடம் சொன்னேன். பிற்பகல் அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.